பெல்ட்டைக் குறை சொல்லாதீர்கள்: மணல் வண்டியின் முன் கிளட்ச் தேய்மானத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தல்

போன குளிர்காலத்தில் ஒரு வண்டி எட்டு வாரத்தில் மூன்று பெல்ட்டைத் தின்றது. இரண்டு இருக்கை, 999 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், வாடகைக்கு ஓடும் பக்கி. முதல் பெல்ட் கிழிந்தபோது ஓட்டியவர் மேல் பழி போட்டார்கள். இரண்டாவது கிழிந்தபோது பெல்ட் போலியானது என்றார்கள். மூன்றாவது கிழிந்த பிறகு வண்டியை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மூன்று முறையும் யாரோ மூடியைத் திறந்து, கிழிசலை உருவிப் போட்டுவிட்டு, புதுப் பெல்ட்டை மாட்டி மூடியிருக்கிறார்கள். பெல்ட் ஓடும் அந்தத் தட்டுகளை ஒருவரும் விரலால் தடவிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வண்டிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைப் போல நூறு வண்டிகள் இந்த மணலில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஸ்கூட்டர் பட்டறையில் தொழில் கற்றேன். பதினோரு ஆண்டுகளாக ஷார்ஜாவில், ஹத்தா சாலையில் பதாயர் செம்மணல் குன்றுகளுக்கு அருகே வேலை. அக்டோபரில் வெயில் இறங்கியதும் கூட்டம் தொடங்கும், ஏப்ரலில் அடங்கும். வார இறுதியில் ஒரு வண்டி காலை முதல் மாலை வரை ஆள் மாறி ஆள் ஓட்ட, குன்றின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கிளட்ச் என்ற பொருளை இதைவிடக் கடுமையாக யாரும் சோதித்துவிட முடியாது.

ஸ்கூட்டர் தெரிந்தவர்களுக்கு இந்த கிளட்ச் பாதி தெரிந்த மாதிரிதான். கினெடிக் ஹோண்டா காலத்திலிருந்து இன்றைய கியர் இல்லாத ஸ்கூட்டர் வரை எல்லாவற்றிலும் முன்னால் ஒரு வேரியேட்டர், பின்னால் ஒரு புல்லி, நடுவே ரப்பர் பெல்ட். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அது புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் இறுக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும்; சக்கரத்தைப் பிடித்து விடும் வேலையைப் பின்னால் உள்ள கிளட்ச் ஷூக்கள் செய்யும். போலாரிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வகை பக்கிகளில் அப்படித் தனியாக ஷூக்கள் கிடையாது. முன் புல்லியே கிளட்ச். வண்டி நிற்கும்போது முன் தட்டுகள் விரிந்திருக்கும், பெல்ட் அவற்றுக்கிடையே தளர்வாகக் கிடக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டைக் கவ்வும். ஆக, ஒவ்வொரு முறை வண்டி புறப்படும்போதும் சுழலும் உலோகம் நிற்கும் ரப்பரைத் தேய்த்துத்தான் பிடிக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை நின்று புறப்படுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிராங்க் முனையில் இரண்டு கூம்புத் தட்டுகள் எதிரெதிராக நிற்கின்றன. இன்ஜின் பக்கத் தட்டு அசையாது. வெளிப்பக்கத் தட்டு தண்டின் மேல் வழுக்கி நகரும். அது வழுக்குவதற்குத் தட்டில் ஒரு புஷ் (தண்டைச் சுற்றி நிற்கும் வளையம்), கிளட்ச்சின் சொந்த மூடியில் ஒரு புஷ்; வண்டியின் வெளி மூடி வேறு. நகரும் தட்டில் மூன்று வெயிட்டுகள் தொங்கும். தண்டில் திருகி இறுக்கப்பட்ட ஸ்பைடர் என்ற மூன்று கைப் பாகத்தில் மூன்று ரோலர்கள் இருக்கும். வேகம் கூடும்போது வெயிட்டுகள் வெளியே விசிறி ரோலர்களை உந்தும். ரோலர்கள் இருந்த இடத்தை விட்டு நகராதவை என்பதால் தட்டுதான் பெல்ட்டை நோக்கி நகரும். ஸ்பிரிங் அதை எதிர்த்துத் தள்ளும். ஸ்பைடரின் கைகளில் பிளாஸ்டிக் பட்டன்கள் உண்டு. நகரும் தட்டைத் தன்னோடு சுழற்றிச் செல்வது அந்தப் பட்டன்கள்தான். இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரிய இன்ஜினின் பாதிச் சுமையைத் தாங்குகிறது என்பதை முதல்முறை கழற்றிப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன்

வண்டியைக் கொண்டுவந்தவுடன் கழற்ற வேண்டாம். முதலில் ஓட்டிப் பாருங்கள். கழற்றிய கிளட்ச்சைவிட ஓடும் கிளட்ச் அதிகம் சொல்லும்.

நியூட்ரலில் ஐடிலில் விட்டுக் காது கொடுங்கள். கிளட்ச் மூடியின் பக்கம் ‘டக டக டக’ என்று சீராக ஓர் உலோகச் சத்தம் வந்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் அது மறைந்தால், பட்டன்கள் தேய்ந்து ஸ்பைடருக்கும் தட்டுக்கும் இடையே ஆட்டம் வந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். பிறகு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கியருக்கு மாற்றுங்கள். கியர் ‘கடக்’ என்று மோதி விழுந்தாலோ, ஐடிலிலேயே வண்டி முன்னே நகரப் பார்த்தாலோ, பெல்ட் முழுதாக விடுபடவில்லை. ஐடில் சுற்று கூடுதலாக இருந்தாலும் இப்படி ஆகும். ஆகவே இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிளட்ச் மேல் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது ஓட்டம். குன்று வேண்டாம். இறுகிய சமதளத் தடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். நல்ல கிளட்ச்சில் இன்ஜின் சுற்று சட்டென்று ஒரு நிலைக்கு ஏறி அங்கேயே நிற்கும், வண்டியின் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். பழக்கமில்லாதவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியும், ஆனால் அதுதான் சரி. சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது. வேகம் ஏற ஏற சுற்று சரிந்துகொண்டே வந்தால் கிளட்ச் சீக்கிரமே உயர் விகிதத்துக்கு, அதாவது மேல் கியர் போன்ற நிலைக்கு, போகிறது. முன் ஸ்பிரிங்கோ பின் ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கலாம், யாராவது கனமான வெயிட் போட்டிருக்கலாம். சுற்று மேலும் கீழும் துள்ளினால் நகரும் தட்டு எங்கோ ஒட்டி ஒட்டி நகர்கிறது. ஓட்டத்தின் நடுவே காலை எடுத்து உடனே மீண்டும் மிதியுங்கள். இன்ஜின் திணறி, ஒரு கணம் கழித்தே இழுத்தால் தட்டு திரும்பி வரத் தயங்குகிறது. அந்தக் கணம்தான் குன்றின் பாதியில் வண்டி புதைவதற்கும் பெல்ட் எரிவதற்கும் காரணமாகிறது.

நான் குறிப்பிட்ட அந்த வண்டி இந்தக் கடைசிச் சோதனையில் பிடிபட்டது. என்னோடு வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி பக்கத்து இருக்கையில் இருந்தான். “அண்ணே, வண்டி மூச்சு வாங்குகிறது” என்றான். சரியான சொல்.

கிழிந்த பெல்ட்டை எறியாதீர்கள்

பழைய பெல்ட்டை மேசை மேல் விரித்து, அதற்குக் கொடுக்க வேண்டிய பத்து நிமிடத்தைக் கொடுங்கள். ஓட்டியவர் என்ன செய்தார், கிளட்ச் என்ன செய்தது இரண்டும் அதில் பதிந்திருக்கும்.

ஒரே ஓர் இடத்தில் பக்கவாட்டு உள்ளே குழிந்து, மணற்கடிகாரத்தின் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தால், வண்டி நகராத நிலையில் முன் தட்டு சுழன்று அந்த இடத்தை எரித்திருக்கிறது. மணலில் புதைந்த வண்டியை ஆக்சிலேட்டரால் மீட்கப் பார்த்த அடையாளம் அது. அந்தப் பெல்ட்டைத் திரும்ப மாட்டினால் புறப்படும்போதெல்லாம் வண்டி ‘திக் திக்’ என்று உதைக்கும்.

பக்கவாட்டு முழுதும் கண்ணாடிபோல் மினுமினுத்தால் நீண்ட நேரம் வழுக்கி ஓடியிருக்கிறது. நூல் பிரிந்து ஓரங்கள் கந்தலாக இருந்தால் தட்டில் கூரான விளிம்போ, இரண்டு புல்லிகளும் நேர்கோட்டில் இல்லாத குறையோ இருக்கும். பற்கள் மொத்தமாகச் சிரைத்து எடுத்தது போலப் போயிருந்தால் சக்கரம் காற்றில் சுழன்று, முழு ஆக்சிலேட்டரோடு தரையில் விழுந்திருக்கலாம். குன்றின் உச்சியைத் தாண்டும் ஒவ்வொருவரும் செய்யும் தவறு இது.

நான் அதிகம் கவனிப்பது வேறொன்று. பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா? ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், நகரும் தட்டு நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து கவ்வுகிறது. கிழிந்த மூன்று பெல்ட்டுகளில் இரண்டை அந்த வண்டியை வாடகைக்கு விடுபவர் குப்பையில் போட்டுவிட்டார். மூன்றாவது பெல்ட்டின் வெளிப்பக்கம் மட்டும் மினுமினுத்தது. அதன் பிறகு எனக்குப் புதுப் பெல்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

வெர்னியர் அளவி இருந்தால் பெல்ட்டின் மேல் அகலத்தை ஆறேழு இடங்களில் அளந்து, பெட்டியிலிருந்து எடுத்த புதியதோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு குறையலாம் என்பது ஒவ்வொரு மாடலின் பழுதுநீக்கக் கையேட்டிலும் இருக்கிறது. சராசரியைவிட, ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

கழற்றுதல்

சாவியை எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஆறட்டும், ஓடி வந்த கிளட்ச்சைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். மூடிக்குள் இருப்பது ரப்பர்ப் பொடியும் மணலும் கலந்த கறுப்புத் தூசு. முகக்கவசம் இல்லாமல் அதன் மேல் காற்றடிக்காதீர்கள்.

வெளி மூடியைத் திறந்ததும் ஒரு கைபேசிப் படம். இது பெல்ட்டின் எழுத்து எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதற்கு. பின் புல்லியை விரிக்கும் கருவி வண்டியோடு வருவதுதான். அதைத் திருகித் தட்டுகளை அகற்றி, பெல்ட்டை முதலில் பின் புல்லியின் மேலாக உருவிப் பிறகு முன்னால் எடுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் தட்டின் விளிம்பில் கீறல் விழும். அந்தக் கீறல் அடுத்த பெல்ட்டை அறுக்கும்.

பெல்ட் கிழிந்த வண்டி என்றால், முன் தட்டின் பின்புறம், கிராங்க் சீல் இருக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட்டின் நூல்கள் அங்கே சுற்றிக்கொண்டு கிடக்கும். அவற்றை விட்டுவைத்தால் சீலை அறுத்து எண்ணெய் கசிய வைக்கும். எண்ணெய் பட்ட கிளட்ச் வழுக்கும். பிறகு அதையும் பெல்ட்டின் குற்றம் என்பார்கள். காற்று வெளியேறும் குழாய்க்குள்ளும் ரப்பர்த் துண்டுகள் அடைத்திருக்கும். கையை விட்டுத் துழாவி எடுங்கள்.

முன் கிளட்ச்சை இறக்குவதற்கு அதற்கென்றே உள்ள புல்லர் என்ற கழற்றும் கருவி தேவை. கிளட்ச் கிராங்கின் கூம்பு முனையில் கவ்வி உட்கார்ந்திருக்கிறது. நடு போல்ட்டைக் கழற்றினாலும் அசையாது. போல்ட்டை எடுத்துவிட்டுப் புல்லரின் மரைக்கும் முனைக்கும் கிரீஸ் தடவிக் கையால் ஏற்றுங்கள். பெல்ட் ஓடும் முகத்தில் படாதபடி கிளட்ச்சைப் பிடிக்கும் கருவியால் பிடித்துக்கொண்டு புல்லரை இறுக்குங்கள். இறுக்கிய நிலையில் விடவில்லை என்றால் அப்படியே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். பெரும்பாலும் நீங்கள் திரும்பி வரும்போது அடுத்த கால் சுற்றில் ‘டப்’ என்று விடும்.

சுத்தியலால் தட்டின் விளிம்பில் அடிக்காதீர்கள். இங்கே வந்த இரண்டாம் ஆண்டில், அவசரத்தில், ஒரு பழைய வண்டியில் அதைச் செய்தேன். வார்ப்பு அலுமினியம் அது. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு பெயர்ந்தது. அந்தத் தட்டின் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். பணம் போனதைவிட, நல்ல தட்டு ஒன்றைப் பாழாக்கியது இன்னும் உறுத்துகிறது.

கையால் பார்க்க வேண்டியவை

கிளட்ச் மேசைக்கு வந்ததும், பிரிக்கும் முன்பே, மூடி, நகரும் தட்டு, ஸ்பைடர் மூன்றையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். போலாரிஸ் வகையில் வார்ப்பிலேயே ஒரு பெருக்கல் குறி இருக்கும். மூன்றும் ஒரே நேரில் வர வேண்டும். இருந்தாலும் பெயின்ட் பேனாவால் நானும் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். இந்தக் கிளட்ச் மொத்தமாகச் சமன் செய்யப்பட்டது. நகரும் தட்டில், ஸ்பைடரின் பட்டன்கள் உரசும் தூண்கள் இருக்கின்றன; ஒரு தூண் மாற்றிப் பூட்டினாலும் அதிரும்.

பிரிக்கும் முன் இன்னொரு சோதனை: ஸ்பைடரை ஒரு கையால் பிடித்து, நகரும் தட்டை மறு கையால் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். நல்ல கிளட்ச்சில் ஆட்டமே தெரியாது. பட்டனுக்கும் தூணுக்கும் இடையே ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரைதான் இடைவெளி அனுமதி, அதாவது 0.025 மில்லிமீட்டர். ‘டக்’ என்று கையில் உணர்ந்தாலே பட்டன்கள் முடிந்துவிட்டன. எனக்கு வந்த அந்த வண்டியில் இந்தச் சத்தம் பட்டறையின் மறுமூலை வரை கேட்டது.

மூடியின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுந்தியிருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகத் தளர்த்தினால் மூடி சாய்ந்து புஷ்ஷைக் கடிக்கும். கடைசி மரைகளில் உள்ளங்கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தை மேலே நீட்டாதீர்கள்.

இப்போது புஷ்கள். இவைதான் இந்தக் கட்டுரையின் உயிர். புஷ்ஷின் உட்புறம் டெஃப்லான் பூச்சு சாம்பல் நிறத்தில் இருக்கும். அது தேயத் தேய அடியில் உள்ள பித்தளை மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். டெஃப்லானைவிடப் பித்தளை அதிகம் தெரிந்தால் புஷ்ஷின் ஆயுள் முடிந்தது. எனக்கு வந்த வண்டியில் நகரும் தட்டின் புஷ் ஒரு பக்கம் முழு மஞ்சள், எதிர்ப்பக்கம் இன்னும் சாம்பல். தட்டு தண்டின் மேல் தலைசாய்ந்து ஓடியிருக்கிறது. அதுதான் பெல்ட்டின் வெளிப்பக்கத்தை எரித்தது, அதுதான் மூன்று பெல்ட்டையும் தின்றது. தண்டையும் நகத்தால் மேலிருந்து கீழாக வருடிப் பாருங்கள். வரி தட்டுப்பட்டால் புதுப் புஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

இங்கே ஒரு பெரும் பிழையைத் தடுக்க வேண்டும். புஷ் இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணெயோ கிரீஸோ போடுகிறார்கள். போடவே கூடாது. இது உலர்ந்து ஓட வேண்டிய புஷ். பாலைவனத்தில் கிரீஸ் என்பது மணலைப் பிடித்து வைக்கும் பசை. ஒரே வாரத்தில் அது அரைக்கும் மாவாகிவிடும்.

தட்டுகளின் முகங்களுக்கு வருவோம். எஃகு அளவுகோலின் நேர் விளிம்பை மையத்திலிருந்து வெளிப்புறமாக வைத்துப் பின்னால் விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் தேய்ந்த இடம். மையத்துக்கு அருகே, பெல்ட் முதலில் கவ்வும் இடத்தில், ஒரு படி போலக் குழிந்திருப்பது வழக்கம். நகத்துக்குத் தெரியாத அளவு என்றால் ஓடும். நகம் மாட்டுகிறது என்றால், ஒவ்வொரு முறையும் பெல்ட் அந்தப் படியில் ஏறி இறங்கும்போது வண்டி உதறும். தட்டை மாற்றுவதே வழி. உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். கூம்பின் கோணம் கையால் தேய்த்தால் காப்பாற்றப்படாது.

வெறும் கறுப்புப் படலம் என்றால் பயமில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துக் குறுக்கு நெடுக்காக லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனர் நனைத்த வெள்ளைத் துணியால் துணி கறுக்காமல் வரும் வரை துடையுங்கள். என் கணக்கில் பாதி வண்டிகளின் வழுக்கல் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. ரோலர்கள் விரலால் சுற்றினால் சத்தமின்றிச் சுழல வேண்டும். ஓரிடத்தில் தட்டையாகிப்போன ரோலர் நிற்கும். வெயிட்டுகளில் ரோலர் உருளும் வளைவைத் தடவுங்கள். பள்ளம் இருந்தால், அல்லது பின்னில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால், மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை மாறி அதிரும். ஸ்பிரிங்கைச் சமமான கண்ணாடி மேல் நிறுத்துங்கள். சாய்ந்து நின்றாலோ, கையேட்டின் நீளத்தைவிடக் குட்டையாக இருந்தாலோ விடை கொடுத்துவிடலாம்.

எதை நீங்களே செய்யலாம்

பெல்ட், ஸ்பிரிங், வெயிட், சுத்தம் செய்தல் ஆகியவற்றைப் பொறுமையுள்ள எவரும் வீட்டு வாசலில் செய்யலாம். வெயிட் பின்களின் நட்டு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்கட்டும். அதற்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோலர், பட்டன் மாற்ற வேண்டுமானால் ஸ்பைடரைக் கழற்றியாக வேண்டும். அது மிகப் பெரிய இறுக்கத்தில் திருகப்பட்டிருக்கிறது. மேசையோடு போல்ட் போட்ட பிடிப்பும், ஸ்பைடருக்கென்ற தனிச் சாவியும், ஒரு ஆள் உயர நெம்புகோலும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். இம்பாக்ட் கன்னால் கழற்றி ஸ்பைடரின் கையை உடைத்து எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பைடருக்கு அடியில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எத்தனை இருந்தனவோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும். தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை முடிவு செய்வது அவைதான். புஷ் மாற்றுவதும் பட்டறை வேலை. பிரஸ்ஸும் சரியான அளவு உருளைகளும் வேண்டும். இவற்றைக் கொடுத்துச் செய்யுங்கள். ஆனால் கொடுக்கும்போது “புஷ் மஞ்சளாகிவிட்டது, பட்டனில் ஆட்டம் இருக்கிறது” என்று சொல்லிக் கொடுங்கள். “வண்டி இழுக்கவில்லை” என்று மட்டும் சொன்னால் உங்களுக்கும் புதுப் பெல்ட்தான் கிடைக்கும்.

அந்த வண்டிக்கு நகரும் தட்டு புஷ்ஷோடு, மூடி, பட்டன்கள், ரோலர்கள், வெயிட்டுகள் எல்லாம் புதிதாகப் போட்டோம். அசையாத தட்டும் தண்டும் நன்றாக இருந்தன. பின் புல்லியையும் திறந்து பார்த்தோம். சுத்தம் செய்ததோடு சரி.

பூட்டுதல்

கிராங்கின் கூம்பு முனையையும் கிளட்ச்சின் உட்கூம்பையும் பிரேக் கிளீனரால் துடைத்து, விரல்கூடப் படாமல் மாட்டுங்கள். இங்கே எண்ணெய், கிரீஸ், ஒட்டாமல் இருக்கத் தடவும் பசை எதுவும் கூடாது. உலோகத்தின் மேல் உலோகம் உலர்ந்து கவ்வுவதுதான் பிடிப்பு. நடு போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். ஆண்டுக்கு ஆண்டு இந்த அளவு மாறியிருக்கிறது. உங்கள் வண்டியின் ஆண்டுக்கான கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூடியின் சிறு போல்ட்டுகளுக்கும் அதே விதி.

புதுப் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து மாட்டுவேன். உற்பத்தியின்போது தங்கிய வழவழப்பு போய்விடும். எழுத்து நேராகப் படிக்கும்படி இருக்கட்டும். மாட்டியதும் பின் புல்லியைப் பலமுறை கையால் சுற்றிப் பெல்ட்டை மேலே வரவையுங்கள். நியூட்ரலில் ஐடிலில் முன் தட்டு பெல்ட்டை இழுக்கக் கூடாது, அதே வேளையில் புறப்படும்போது அடிக்கும் அளவு தொய்வும் கூடாது.

மூடியை மாட்டும் முன் கேஸ்கெட்டைப் பாருங்கள். முடி அளவு இடைவெளி போதும், மணல் உள்ளே வந்துவிடும். காற்று உள்ளிழுக்கும் குழாயின் வடிகட்டியைச் சீசனில் நாங்கள் தினமும் உதறிச் சுத்தம் செய்கிறோம். இங்கே கிளட்ச்சுக்குக் காற்றுதான் தண்ணீர். அது அடைபட்டால் எவ்வளவு நல்ல பாகம் போட்டும் பயனில்லை.

இப்போது ஒரு சின்ன வேலை. கறுப்பு மார்க்கரால் இரண்டு தட்டுகளின் முகத்திலும் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போடுங்கள். பிறகு மூடிவிட்டு ஓட்டுங்கள். முதல் 50 கி.மீ. மென்மையாக, பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நடுவில் இரண்டு மூன்று முறை நிறுத்தி முழுதாக ஆறவிட வேண்டும்.

ஓட்டுபவருக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். மணிக்கு 11 கி.மீ.க்குக் கீழே ஊர்ந்து போகும் வேலைக்கு, புதைந்த வண்டியை மீட்கவோ இன்னொன்றை இழுக்கவோ, லோ கியர். ஹையில் போட்டு மிதித்தால் பெல்ட் வெந்துவிடும். கடும் ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது உடனே இன்ஜினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட வேண்டும். முன் தட்டின் சிறகுகள் சுழன்று உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளிவிடும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று எங்கள் பட்டறையில் எப்போதும் கையருகே இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் மூடியைக் கழற்றி பெல்ட்டை அளந்து, 100 டிகிரியைத் தாண்டியிருந்தால் அன்றைக்கு அந்த வண்டிக்கு ஓய்வு. வாடகைக்கு விடுபவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

50 கி.மீ. முடிந்ததும் மூடியைத் திறந்து மார்க்கர் கோட்டைப் பாருங்கள். கோடு அழிந்த இடம்வரை பெல்ட் பயணம் செய்திருக்கிறது. மையத்திலிருந்து வெளியே வரை இரண்டு தட்டுகளிலும் ஒரே உயரத்துக்கு, ஒழுங்காக அழிந்திருக்க வேண்டும். மென்மையான ஓட்டத்தில் விளிம்புக்கு அருகே சிறிது மிச்சம் இருப்பது இயல்பு. ஒரு தட்டில் அழிந்து மறுதட்டில் திட்டுத் திட்டாக மிஞ்சியிருந்தால் இன்னும் சாய்வு இருக்கிறது, மீண்டும் கழற்றத்தான் வேண்டும்.

எங்கள் வண்டியில் இரண்டு கோடும் ஒரே உயரத்தில், கத்தியால் நறுக்கியது போல அழிந்திருந்தன. தம்பி டார்ச்சைப் பிடித்து இரண்டு முறை பார்த்தான். ஏப்ரலில் சீசன் முடிந்து வண்டியை நிறுத்தும்போது அதே பெல்ட்டில் 1,400 கி.மீ. ஓடியிருந்தது. வெர்னியர் வைத்து ஏழு இடங்களில் அளந்தோம். ஏழும் ஒன்றாக இருந்தன. அளவையும் தேதியையும் மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.